நூற்றுக்கு மூன்று

நூறு மீட்டர் தூரம் போனால் மூன்று மீட்டர் உயரலாம். அதற்கு மேல் கூடாது. தென்கிழக்குப் பிரான்ஸில், அர்தேஷ் மாவட்டத்தின் எரியூ நதிப் பள்ளத்தாக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பாதை போட வந்த பொறியாளர்களைக் கட்டிப்போட்ட கணக்கு ஏறக்குறைய இதுதான். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. மேடு செங்குத்தானால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். ஆகவே மலையை நேராக ஏறலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நதி போகும் போக்கில் போக வேண்டும். அது வளைந்தால் வளைய வேண்டும். பாறை குறுக்கே வந்தால் வெட்டியோ குடைந்தோ அந்தச் சரிவைக் காப்பாற்றிக்கொண்டு மேலே போக வேண்டும்.

அந்த ரயில் 1968-இல் நின்றுபோனது. சரிவு அப்படியே இருக்கிறது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்துவிட்ட அந்த மண்மேடையில் இப்போது சரளைப் பாதை ஓடுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில், ரோன் நதிக்கரையில் இருக்கும் லா வூல்த் ஊரில் தொடங்கி, எரியூவை ஒட்டியே லெ ஷெய்லார் என்ற சிறுநகரம் வரை வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள சேந்தக்ரேவ் பீடபூமிக்கும் மற்றது லமாஸ்த்ருக்கும் போகிறது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தோல்சே வியா என்று பெயர். ஊர்களுக்குள் நுழையும் சில சிறு துண்டுகளைத் தவிர அதில் கார் கிடையாது, லாரி கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் வருகிறவர்கள் மட்டுமே.

அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டியதிலிருந்து ஓர் எண்ணம் என்னை விடாமல் தொடர்கிறது. வாகனமற்ற அமைதி என்றால் நமக்கு மனிதக் கை படாத இடம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கோ ஒரு மூலையில் அது தானாகக் கிடக்கிறது, நாம் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி என்று எண்ணிக்கொள்கிறோம். எரியூ பள்ளத்தாக்கின் அமைதி கட்டி எழுப்பப்பட்டது. கல் உடைத்து, கணக்குப் போட்டு, சட்டம் எழுதி, ஆண்டுதோறும் செலவு செய்து காப்பாற்றப்படுவது. யாரோ ஒருவர் கைவிட்டிருந்தால் அது இல்லாமல் போயிருக்கும். இதை உணர்ந்த பிறகு அதன் மேல் எனக்கிருந்த மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

1870-களின் பிரான்ஸ், ரயிலைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகவே பார்க்கத் தொடங்கியிருந்தது. பொதுப்பணி அமைச்சர் ஷார்ல் த ஃப்ரெசினே வகுத்த திட்டம் 1879-இல் சட்டமானது. ஏறத்தாழ 8,700 கிலோமீட்டருக்குப் புதிய பாதைகள். பெருநகரங்களைத் தாண்டி உள்ளொடுங்கிய ஊர்களுக்கும் வண்டி. அதன் பின்னாலேயே செலவு குறைந்த குறுகிய பாதைகள் மலை மாவட்டங்களுக்குள் நுழைந்தன. எரியூவில் போட்டது மீட்டர் கேஜ். குறுகிய பாதை இறுக்கமான வளைவிலும் திரும்பும் என்பதால் வெட்ட வேண்டிய பாறையும் கட்ட வேண்டிய பாலமும் குறைந்தன. லெ ஷெய்லாருக்கு 1891-இல் வண்டி வந்தது. மேலே பீடபூமிக்கு அடுத்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்.

மேட்டில் இழுப்பதற்கு மாலே வகை எஞ்சின்கள் வந்தன. அவற்றில் சக்கரங்கள் இரண்டு தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். முன்தொகுதி வளைவுக்கு ஏற்பத் தனியே திரும்பும். அவற்றில் முதலில் வந்தவற்றைச் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் அங்கே பிறந்தவைதான். கேஜும் அதே ஒரு மீட்டர். ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏற வேண்டியிருந்ததால் பல்சக்கரம் இல்லாமல் முடியவில்லை. எரியூவில் அந்தத் தேவை வரவில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தைப் பல பத்துக் கிலோமீட்டர்களுக்குப் பரப்பி வைக்கும் வேலையை நதியும் அதன் ஓடைகளும் முன்பே செய்து முடித்திருந்தன.

ரயில் வந்து சேர்ந்தபோது மலை ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்தது. அர்தேஷ் அன்று பட்டு விளைந்த நிலம். முசுக்கொட்டை வளர்ப்பைப் பிரான்ஸில் பரப்பியவர்களில் முதன்மையான ஒலிவியே த செர் இந்த மாவட்டத்துக்காரர். ஓடைகளின் நீர்விசையில் பட்டு முறுக்கும் ஆலைகள் ஓடின. அவற்றின் விடுதிகளில் மலைக்கிராமத்துப் பெண்பிள்ளைகள் தங்கி வேலை செய்தார்கள். 1850-களில் பெப்ரின் என்ற நோய் பட்டுப்புழுக்களை அழித்தது. அடுத்து ஃபிலாக்சரா பூச்சி திராட்சைக் கொடிகளை வேரோடு தின்றது. ஏழைகளின் சோறாக இருந்த செஸ்ட்நட் மரங்களையும் நோய் தொட்டது. 1861-இல் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,88,000. நூறாண்டு கழித்து, 1962-இல், 2,50,000-க்கும் கீழே. ஊரைக் காப்பாற்ற வந்த ரயில், ஊரைவிட்டுப் போகிறவர்களையும் ஏற்றிச் சென்றது. கீழ்ப் பள்ளத்தாக்கின் பீச் பழக் கூடைகள் போன அதே வண்டியில்தான் லியோனுக்கும் சேந்த்-எத்தியேனுக்கும் வேலை தேடிப் போன பிள்ளைகளும் போனார்கள்.

அந்த ரயில் ஆட்களை உள்ளே கொண்டுவந்ததும் உண்டு. சேந்தக்ரேவைத் தாண்டிப் பீடபூமியில் சற்றுப் போனால் லெ ஷாம்போன் என்ற ஊர். இந்த மீட்டர் கேஜ் வலைப்பின்னலின் ஒரு நிலையம் அது. இரண்டாம் உலகப் போரின்போது ஆந்த்ரே த்ரோக்மே என்ற பாதிரியாரும் ஊராரும் சுற்றுவட்டாரப் பண்ணைக் குடும்பங்களும் யூத அகதிகளை, அவர்களில் ஏராளமான குழந்தைகளை, மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1990-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அந்த ஊரையும் வட்டாரத்தையும் மொத்தமாகவே கௌரவித்தது. 1942-இல் காசநோயோடு வந்த ஆல்பெர் காம்யு பக்கத்துக் குக்கிராமமான லெ பனெலியேயில் தங்கி, ‘கொள்ளைநோய்’ நாவலை எழுதிக்கொண்டிருந்தார். இந்த மலைக்காரர்கள் பெரும்பாலும் புரொட்டஸ்டன்ட்கள். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காததால் 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் எக்-மோர்த் கோட்டைக் கோபுரத்தில் அடைபட்டிருந்த மரி துரான், எரியூவின் தென்புறத்து மலைகளில் பிறந்தவர். ஒளிந்து வாழ்வது என்னவென்று தெரிந்த ஊர், ஒளிய வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்தக் குழந்தைகள் இறங்கிய ரயில் இப்படிப்பட்ட மெதுவான, நட்டத்தில் ஓடிய சிறு ரயில்தான். லாபக் கணக்கு மட்டும் போட்டிருந்தால் அந்தப் பாதை அங்கே போயிருக்காது.

1968 அக்டோபரின் முடிவோடு வண்டிகள் நின்றன. இதே வலைப்பின்னலில் தூர்னோன் என்ற ஊருக்கும் லமாஸ்த்ருக்கும் இடைப்பட்ட பகுதியை ஆர்வலர்கள் எடுத்து, அடுத்த ஆண்டிலிருந்து சுற்றுலா ரயிலாக ஓட்டினார்கள். எரியூ பாதையில் தண்டவாளம் பிடுங்கப்பட்டது. 1973-இல் ரோன் நதியின் வலதுகரைப் பாதையிலும் பயணி வண்டிகளை நிறுத்திவிட, சுற்றுலா வண்டியைத் தவிர்த்தால் அர்தேஷ் பயணி ரயிலே இல்லாத மாவட்டமாயிற்று.

இப்படி ஒரு பாதை மூடப்படும்போது மிச்சமாவது விசித்திரமான நிலம். அகலம் சில மீட்டர், நீளம் பல பத்துக் கிலோமீட்டர். ஒருவருக்கும் தனியாக அதனால் பெரிய பயன் இல்லை. ஓரத்தில் வீடு இருப்பவருக்குத் தன் தோட்டத்தை ஒட்டிய முப்பது மீட்டர் போதும். அவர் அதை வாங்கி வேலி போட்டுக்கொண்டால் எவருக்கும் குறை தெரியாது. ஆனால் அந்த முப்பது மீட்டரோடு முழுப் பாதையும் செத்துவிடும். மறுபடி சேர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு உரிமையாளரின் வாசலிலும் போய் நிற்க வேண்டும். சங்கிலியின் பலம் அதன் மிக நலிந்த கண்ணியில் என்பார்கள். பழைய ரயில் பாதைக்கு இது சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

பிரான்ஸில் இந்த நிலங்களைப் பொதுவழியாக மீட்கும் வேலைக்குத் தொடக்கப்புள்ளியாகச் சொல்லப்படுவது பர்கண்டியில் ஷிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே 1997-இல் திறக்கப்பட்ட பாதை. 2004-இல் பிரெஞ்சுச் சாலை விதிகளில் இவ்வகை வழிக்குத் தனி வரையறை எழுதப்பட்டது: மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் மட்டுமே உரியது. தடை என்று பார்த்தால் தடைதான். அந்தத் தடைதான் மற்ற எல்லாருக்கும் இடம் கொடுத்தது. வேகமானதும் கனமானதும் உள்ளே வந்த பின் மெதுவானவர்களுக்கு ‘நீங்களும் வரலாம்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இனி, பாதையின் மேல் வருவோம். அதன் மேற்பரப்பு பெரும்பாலும் தார் இல்லாத, இறுக்கிய சரளை. கிராவல் பைக் என்று இன்று கடைகளில் விற்கும் சைக்கிளுக்கு இது சொந்த மண். பந்தய சைக்கிள் போன்ற வளைந்த கைப்பிடி, டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டரை ஒட்டிய அகல டயர். அந்த டயரில் காற்றைக் கல்லுப்போல அடிக்கக் கூடாது. கட்டைவிரலால் அமுக்கினால் சற்றே உள்வாங்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சிறுகல்லையும் டயர் தன் மேல் வாங்கிக்கொண்டு கடக்கும்; கெட்டியாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கிப்போடும், அதில் போகும் விசை எல்லாம் நம் காலிலிருந்து போன விசை.

இந்தச் சைக்கிள் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களின் மண்சாலைகளில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் பெயர்பெற்றது. ஆனால் எரியூவுக்கு வடக்கே, ஒருநாள் மிதிக்கும் தொலைவில், இதன் மூதாதை இருக்கிறார். சேந்த்-எத்தியேன் நகரத்தின் போல் த விவி, 1853-இல் பிறந்தவர், பட்டு வியாபாரி. சைக்கிள் பைத்தியம் பிடித்து வியாபாரத்தை விட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887-இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். அவர் சாகும்வரை வாதாடியது ஒன்றுக்காக: ஒரே சைக்கிளில் பல கியர்கள் வேண்டும். மேட்டில் மூச்சு முட்டாமல் ஏறுவது கோழைத்தனம் அல்ல என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. தூர் த பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றும் கருவியை 1937-இல்தான் அனுமதித்தது. அதற்கு ஏழாண்டு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் காலத்து மலைச்சாலைகள் எல்லாம் சரளைதான். அகல டயரும் சிறு கியரும் அந்தச் சாலைகளிலிருந்து வந்த அறிவு. சாலைகளுக்குத் தார் வந்ததும் டயர்கள் ஒல்லியாயின, அந்த அறிவு ஓரங்கட்டப்பட்டது. தார் போட்டது சைக்கிளுக்காக என்றா சொல்ல முடியும்? 1930-இல் சேந்த்-எத்தியேன் தெருவில் கார் ஒன்றுக்கு ஒதுங்கப்போய் டிராமில் அடிபட்டுத்தான் வெலோசியோ இறந்தார்.

சரளைக்கு இன்னொரு குணம் உண்டு. அது வேகத்துக்குத் தானே வரம்பு கட்டும். தார்ப் பாதையில் இறக்கத்தில் பறக்கிறவனைச் சரளை நிதானத்துக்குக் கொண்டுவரும். குழந்தையும் கிழவரும் நடக்கும் வழியில் இது ஒரு பாதுகாப்பு. மழைத்தண்ணீரும் தாரைப் போல மேலே ஓடாமல் ஓரளவு உள்ளே இறங்கும். ஆனால் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில் லேசான சமாச்சாரமில்லை. இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலின் வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து இந்த மலைகளில் மோதும்போது சில மணிநேரத்தில் பேய்மழை கொட்டும். 1857 செப்டம்பரில் எரியூவில் பெருகிய வெள்ளம் பாலங்களை அடித்துப்போனது இன்றும் இங்கே பேசப்படுகிறது.

பாதையில் பாறையை வெட்டி உண்டாக்கிய இடங்களில் நின்று பார்த்தால் இந்தத் தண்ணீருக்கான பதில் தெரியும். இரு பக்கமும் கிரானைட் சுவர். உளி பட்ட தழும்புகளில் பாசி. சுவரின் அடியில் முழங்கை அகலத்தில் ஒரு கல்வாய்க்கால். மேலிருந்து கசியும் நீரை வாங்கி, ஐம்பதடி தள்ளி ஒரு சிறு மதகுக்குள் விட்டு, பாதைக்கு அடியாக நதிப்பக்கம் வெளியே தள்ளுகிறது. ரயில் காலத்தில் கட்டியது. மதகின் வாயில் செஸ்ட்நட் முள்ளுக்கூடுகளும் இலைகளும் அடைத்துக்கொள்ளும். யாராவது வந்து வாரி எடுக்காவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் பாதை மேல் ஏறிச் சரளையை அரித்து ஓடைபோலப் பிளந்துவிடும். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக ஊழியர்கள் இந்த வாய்களைத் திறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளில் போகிறவர் எவரும் அந்த வாய்க்காலைக் கவனிப்பதில்லை. நம் அமைதி அந்த மண்வெட்டியைச் சார்ந்திருக்கிறது.

வாகனம் இல்லாத வழியில் முதலில் மாறுவது காது. சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவரின் காது முழுநேரமும் முதுகுப் பக்கமே இருக்கும்: வருவது பேருந்தா, எவ்வளவு தள்ளி, ஒதுங்க இடமுண்டா. இங்கே அந்தக் காவல் வேலை இல்லை. நதியின் அக்கரையில் பள்ளத்தாக்குச் சாலை கூடவே வருவதால் அவ்வப்போது கார் இரைச்சல் கேட்கத்தான் செய்யும். ஆனால் அது நமக்கு ஆபத்தான ஓசை இல்லை. காது முன்னால் வருகிறது. நதி ஆழமான மடுவில் ஊமையாவதும் கற்களுக்கிடையே வாய் திறப்பதும் தனித்தனியே கேட்கிறது. நீரோட்டத்தின் நடுவே ஒரு பாறையில் தொண்டை வெளுத்த, குண்டான சிறு பறவை நின்று உட்கார்ந்து எழுவதுபோல முழங்காலை மடக்குகிறது. பிறகு தண்ணீருக்குள் நேராக இறங்கிவிடுகிறது. நீரடியில் கற்களைப் பற்றிக்கொண்டு நடந்து புழு தேடும் பறவை அது. அது வெளியே வரும்வரை வழியில் நிற்கலாம். பின்னால் எவரும் ஒலியெழுப்ப மாட்டார்கள். வழியிலேயே நிற்க முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று சாலைகள் நம்மை மறக்கவைத்துவிட்டன.

சரிவு மெதுவாக ஏறுவதால் உயரம் மரங்களின் வழியாகத்தான் தெரிகிறது. சேன் லோரான் து பாப் பக்கம் பீச் தோட்டங்கள். லே ஒலியேர் தாண்டினால் மலைமேல் மண் விழாமல் தாங்க அடுக்கடுக்காகக் கட்டிய கல்மேடைகள். சாந்தில்லாமல் அடுக்கிய சுவர்கள், பல இடங்களில் காடு அவற்றை விழுங்கிவிட்டது. பிறகு செஸ்ட்நட். அர்தேஷின் செஸ்ட்நட்டுக்கு 2006-இல் பிரெஞ்சு அரசு புவிசார் பாதுகாப்புத் தந்தது. அக்டோபரில் பாதை முழுக்க முள்கூடுகள் விரிந்து கிடக்கும். சேன் மார்த்தான் த வலமாஸுக்கு அப்பால் ரோஷ்பொன் கோட்டையின் இடிபாடு பாறை உச்சியில் தெரியும். அதற்கும் மேலே பைன் மரங்களும் குளிர்ந்த காற்றும். சேந்தக்ரேவில் இறங்கும்போது, காலையில் பார்த்த பீச் தோட்டங்களுக்கும் இந்தப் புல்வெளிக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்ந்திருக்கிறோம் என்பதைக் கால்கள் நம்ப மறுக்கும்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. மலை பொதுவாக இரண்டு சாராருக்கு உரியதாகிவிட்டது: உடல்வலு உள்ளவர்களுக்கும் மோட்டார் உள்ளவர்களுக்கும். மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நிலக்கரி தின்னும் இயந்திரம் சறுக்கக் கூடாது என்று போட்ட அந்த நூற்றுக்கு மூன்று கணக்கு, நூறாண்டு கழித்து இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை தன் சைக்கிளில் ஏறுகிறது. இதய அறுவை செய்துகொண்ட வயதில் மூத்தவர் சிறு கியரில், மனைவியோடு பேசிக்கொண்டே ஏறுகிறார். பேசிக்கொண்டே என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்றத்தில் பேச முடிந்தால் அந்த ஏற்றம் மனிதருக்கு அளவானது என்று பொருள். இயந்திரத்தின் பலவீனத்துக்காகச் செய்த சலுகை மனித உடலின் பலவீனத்துக்கும் பொருந்திப்போனது. எனக்குத் தெரிந்த பொதுப்பணிகளில் இதைவிடக் கனிவான தற்செயல் இல்லை.

இதை ரயிலுக்கு ஈடு என்று யாரும் சொல்லக் கூடாது. லெ ஷெய்லாரில் வேலைக்குப் போகிறவருக்கும் மருத்துவமனைக்குப் போகிற மூதாட்டிக்கும் இன்று கார்தான் கதி. பள்ளத்தாக்கின் ஆகச் சமமான வழி உல்லாசப் பயணிகளுக்கும், வளைந்து நெளியும் சாலை உள்ளூர்க்காரர்களின் அன்றாடத்துக்கும் என்று ஆகியிருப்பது ஓர் இழப்பு. அந்த இழப்பை அழகு ஈடுகட்டாது. பழைய நிலையங்களில் உணவகமும் சைக்கிள் வாடகையும் நடப்பது ஊருக்கு வருமானம்தான், ஆனாலும் அது ரயில் அல்ல.

இருந்தும், அந்த ஊராட்சிகளும் மாவட்டமும் ஒன்றைச் சரியாகச் செய்தன. நிலத்தைத் துண்டாக விடவில்லை. ரயில் பாதை மூடுகிறார்கள் என்ற செய்தி எந்த நாட்டில் வந்தாலும் விவாதம் நட்டக் கணக்கிலேயே சுற்றுகிறது. வண்டியை நிறுத்தும் முடிவைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். நிலத்தை முப்பது முப்பது மீட்டராக விற்கும் முடிவை மாற்ற முடியாது. முன்னவர்கள் மலையைக் குடைந்து சம்பாதித்த அந்தச் சரிவை முழுதாகக் கையளித்துவிட்டால் போதும். அதில் எதை ஓட்டுவது என்பதை வருகிறவர்கள் தங்கள் காலத்துக்கு ஏற்பத் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.